கடலோரத்தில் சிற்பம் நிறுத்துவது எப்படி: குமரி–கேரள எல்லைக் கரைக்கான வழிகாட்டி

நீரோடிக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சிற்பத்தை நிறுத்துவதற்கு எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் கல்லைச் செதுக்கவும் எஃகை வளைக்கவும் மூன்றரை மாதம்தான் தேவைப்பட்டது. மீதிக் காலம் முழுவதும் தாள்களுக்காகவும், தவறாக வாங்கிய பொருளை மாற்றவும், கடல் அடங்கும் பருவத்துக்காகக் காத்திருக்கவும் போயிற்று. உளியை எடுப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்திருந்தால் எட்டு மாதமாவது மிச்சமாகியிருக்கும். மார்த்தாண்டம், குளச்சல், களியக்காவிளைப் பகுதிகளிலிருந்து இதே முயற்சியில் இறங்கும் இளம் சிற்பிகளுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். நான் நடந்த வரிசை வேறு. அதைப் பின்பற்ற வேண்டாம்.

1. இடத்தைப் பாருங்கள், அதன்பின் சிற்பத்தை நினையுங்கள்

பட்டறையில் முடித்த சிற்பத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வைப்பது ஒரு வேலை. ஒரு குறிப்பிட்ட கரைக்காகவே, அங்கேயுள்ள காற்றையும் மணலையும் மனிதர்களையும் கணக்கில் எடுத்து ஒன்றைச் செய்வது வேறு வேலை. இரண்டாவதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்றால், மாதிரி உருவம் பிசைவதற்கு முன் அந்த இடத்தை ஓராண்டின் வெவ்வேறு காலங்களில் குறைந்தது நான்கு முறை பார்த்துவிடுங்கள்: ஆனி, ஆடியில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, மாசி அல்லது பங்குனியில் ஒரு முறை, அமாவாசையோ பௌர்ணமியோ கழிந்த மறுநாள் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் அசையாத ஓர் அடையாளத்தை, ஒரு தென்னையையோ குருசடியையோ, அதே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். மணல் எவ்வளவு போயிற்று, எவ்வளவு வந்தது என்பதை அந்தப் படங்கள் காட்டும்.

நம் கரையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டுப் பயமில்லை என்று முடிவு செய்வதுதான் முதல் பொறி. இங்கே ஆபத்து ஏற்றத்தில் இல்லை, அலையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். கடல் அடங்கியபின் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். பங்குனியில் நீங்கள் பார்க்கும் அகன்ற மணல்வெளி ஆடியில் இல்லாமலே போகலாம். கரையிலிருந்து கடலுக்குள் கல்லடுக்கி நீட்டிய தூண்டில் வளைவுகளின் அருகே இடம் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் ஒரு பக்கம் மணல் சேரும்போது மறுபக்கம் அரிப்பு கூடும். எந்தப் பக்கம் எது என்பதை வரைபடத்தைவிட அங்கே வள்ளம் ஏற்றுகிறவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

ஒரு நாள் ஒதுக்கித் திருவனந்தபுரம் சங்குமுகத்துக்குப் போய், கானாயி குஞ்ஞிராமன் செய்த சாகரகன்னிகையைப் பாருங்கள். சிற்பத்தின் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெருஞ்சிற்பம் அலைக்கரையிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதையும், அதே கரையில் கடலை ஒட்டிய சாலையைக் கடல் எப்படித் தின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடத் தேர்வைப் பற்றி நான் இங்கே எழுதுவதற்கு மேல் புரியும்.

2. சவுக்குக் கம்பில் ஒரு போலி

எனக்கு மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் கற்றுக்கொடுத்த படி இது. சிற்பத்தின் உண்மையான உயரத்திலும் அகலத்திலும் சவுக்குக் கம்புகளையும் கயிற்றையும் கொண்டு ஒரு கூட்டைக் கட்டி, ஊராரிடம் சொல்லிவிட்டு, நினைத்த இடத்தில் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். எனக்கு ஆன செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான்.

நான் முதலில் தேர்ந்த இடத்தில் அந்தக் கூடு மூன்று நாள்தான் நின்றது. கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையான கரைமடியை இழுக்கும்போது கயிறு செல்லும் பாதையில் அதை நட்டிருக்கிறேன் என்பது, நாலாம் நாள் காலையில் அது பிடுங்கப்பட்டு ஓரமாக, மிகுந்த மரியாதையோடு, சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆளில்லாத கரை என்று நாம் நினைக்கும் இடத்தில் வலை உலர்த்தவும், வள்ளம் ஏற்றவும், மீன் காய வைக்கவும் கோடு போடாத எல்லைகள் இருக்கின்றன. கல்லில் செய்து கொண்டுபோய் வைத்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்திருக்கும் விலையை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

3. நிலம் யாருடையது என்று எழுத்தில் அறியுங்கள்

புல எண்ணைக் கண்டுபிடித்து, தமிழக அரசின் இணைய சேவையில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகிய மூன்றையும் எடுங்கள். பட்டா நிலமானால் வில்லங்கச் சான்றும் வேண்டும். இவற்றை எடுக்க ஒரு வாரம் போதும். புறம்போக்கு என்று பதிவேட்டில் இருந்தால் அங்கே நிரந்தரமாக எதையும் நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் அறிவுரை. ஏன் என்பதை அடுத்து வரும் இரண்டு படிகளில் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்ததால், பழைய பிரமாணங்கள், அதாவது பத்திரங்கள், பலவும் மலையாளத்தில் இருக்கின்றன. நில உரிமையாளர் கொடுக்கும் மூலப் பத்திரத்தை வாசிக்கத் தெரிந்தவரைக் கொண்டு தமிழில் எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு இடம் கொடுத்த நண்பரின் தோப்பில், பத்திரத்தில் உள்ள சென்ட் அளவுக்கும் தரையில் உள்ள அளவுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. காரணம் எழுத்துப் பிழை அன்று, கிழக்கு எல்லை ஊராருடையதாகவும் மேற்கு எல்லை கடலுடையதாகவும் மாறியிருந்தது. கடல் எடுத்துக்கொண்ட நிலத்துக்கும் பட்டா காட்டுவார்கள். ஆகவே நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடச் செய்யுங்கள். அளவைக்கு மனுக் கொடுத்து அவர் வந்து சேர எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

4. "சிலை" என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்

மனுவில் "சிலை நிறுவ அனுமதி" என்று எழுதினேன். அது தலைவர் சிலைகளுக்கான கோப்போடு சேர்ந்து, மூன்று மாதம் ஓர் அலுவலகத்தில் உறங்கியது. பொதுச் சாலைகள், நடைபாதைகள், பொதுப் பயன்பாட்டு இடங்கள் ஆகியவற்றில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று ஆணையிட்டது. அந்த ஆணைக்குக் காரணமான வழக்கு நமக்குத் தொலைவிலும் இல்லை: நெய்யாற்றின்கரை–பூவாறு சாலைச் சந்திப்பில் வைக்கவிருந்த ஒரு சிலையைப் பற்றியது. ஆகவே சாலையோரம், பேருந்து நிறுத்தம், கடற்கரைச் சாலைத் திருப்பம் என்று எதையும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எந்த மனிதரையும் தெய்வத்தையும் குறிக்காத கலை அமைப்பு என்றால் அதை அப்படியே எழுதுங்கள். உயரம், எடை, பொருள், அடித்தளத்தின் ஆழம், எவ்வளவு காலம் நிற்கும் என்பனவற்றை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சரியான மேசைக்குச் சரியான தாள் போய்ச் சேர்வதற்காகத்தான்.

5. கடற்கரை ஒழுங்காற்று மண்டலம்

பெரும்பாலானோர் இந்தப் படியில்தான் திரும்பிப் போகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதிகள் இவை; உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை பொருந்தும். உயர் அலைக் கோடு என்பது நீங்கள் மாலையில் பார்க்கும் ஈரக்கோடு அன்று. பெருவேற்றக் காலத்தில் நீர் எட்டும் மிக உயர்ந்த கோட்டை அளந்து வரைபடத்தில் குறித்திருப்பார்கள். இந்த விதிகளின் 2019 அறிவிக்கையின்படி, ஊரகப் பகுதிகளில் மக்கள் அடர்த்தி 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161க்கு மேல் இருந்தால் 50 மீட்டரும், குறைவாக இருந்தால் 200 மீட்டரும் கட்டுமானமற்ற பகுதி. 2011 அறிவிக்கையில் இந்தப் பிரிவினை இல்லை, பொதுவாக 200 மீட்டர்தான். ஆகவே மாவட்ட அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த அறிவிக்கையின் கீழ் வரைந்த திட்ட வரைபடம் இப்போது நடைமுறையில் இருக்கிறது? அதில் என் புல எண் எந்த வகையில் வருகிறது?" என்பதாக இருக்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மணற்குன்றுகள், ஆமை முட்டையிடும் இடங்கள், அலையாத்திக் காடுகள் முதலியவை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் வகையில் வருபவை. அங்கே பேச்சுக்கே இடமில்லை. அலைகளுக்கு இடைப்பட்ட ஈர மணலும் அப்படித்தான். கடல்நீருக்குள் நினைவுச் சின்னம் எழுப்ப 2019 அறிவிக்கையில் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது மாநில அரசுகளுக்கு, அதுவும் விதிவிலக்கான நேர்வுகளுக்கு மட்டும். கன்னியாகுமரிப் பாறை மேல் 133 அடியில் வள்ளுவர் நிற்பதைக் காட்டி நமக்கும் அனுமதி கேட்க முடியாது.

என் அமைப்புக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. இருந்தாலும் கான்கிரீட் அடித்தளம் இருந்ததால் அதைக் கட்டுமானமாகவே கருதினார்கள். இறுதியில் நான் செய்தது இதுதான்: உயர் அலைக் கோட்டிலிருந்து 230 மீட்டர் உள்ளே, மேடான தென்னந்தோப்பில், பட்டா நிலத்தில் நிரந்தரச் சிற்பத்தை நிறுத்திவிட்டு, மணல்வெளியில் வைக்க விரும்பிய பகுதியை, அடித்தளம் இல்லாமல், ஒரே நாளில் கழற்றக் கூடியதாக, பத்து நாள் நிகழ்வாக மட்டும் மாற்றிக்கொண்டது. முன்னதற்கு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவின் கருத்தும் உள்ளாட்சியின் அனுமதியும் வாங்கினேன். பின்னதற்கு ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மனுக் கொடுத்து ஒப்புதல் பெற்றேன். புதியவர்களுக்கு இந்த இரட்டை ஏற்பாட்டையே பரிந்துரைக்கிறேன்.

மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வரை போக வேண்டிய அளவில் பெரிய பணி என்றால், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்று 1:4000 அளவில் தயாரித்த வரைபடம் கேட்பார்கள். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனமும், கேரளத்தில் திருவனந்தபுரத்திலுள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையமும் அத்தகையவை. இது தனிச் சிற்பியின் பைக்கு எட்டும் செலவு அன்று. இந்த வரைபடம் தேவைப்படாத அளவிலும் இடத்திலும் பணியை அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

6. கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்

அரசுத் தாள்கள் எல்லாம் கையில் இருந்தும், ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் சிற்பம் ஒரு மாதம் நிற்காது. தூத்தூர்ப் பகுதி ஊர்களில் கத்தோலிக்கத் தேவாலயத்தின் பங்குப் பேரவையிடம் முதலில் பேசுங்கள். இந்த ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. குளச்சல் பக்கம் போனால் கோட்டாறு மறைமாவட்டம். கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று குழம்பாமலிருக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரவைக் கூட்டம் பெரும்பாலும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடக்கும். சிற்பத்தின் படத்தை மட்டும் காட்டாமல் களிமண்ணிலோ மரத்திலோ செய்த சிறு மாதிரியைக் கொண்டு போங்கள். என் அமைப்பு, மூன்று கருங்கற்களின் மேல் வள்ளத்தின் விலாக்கட்டைகள் போல வளைந்து நிற்கும் எஃகுக் குழாய்கள். "இது உடைந்த வள்ளமா, கட்டுகிற வள்ளமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குள் போயிருந்தவர்களைத் திரும்பப் பெறாத வீடுகள் இருக்கும் கரை இது. உடைந்த வள்ளம் என்று படித்தால் அது அவர்கள் முற்றத்தில் நிற்கக் கூடாது. கீழிருந்து மேலாக விலாக்கள் நெருங்கி, ஒருபுறம் பலகை ஏறத் தொடங்கியது போல வடிவத்தை மாற்றினேன். கேள்வி கேட்ட பெரியவர் தலையசைத்த பிறகுதான் குழாய்க்கு முன்பணம் கொடுத்தேன். அந்த மாற்றம் சிற்பத்தைக் கெடுத்துவிட்டது என்று நண்பர் ஒருவர் இன்றுவரை சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

7. மனுக் கட்டில் இருக்க வேண்டியவை

இவற்றை நான்கு நகல்களாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஆதார் நகல், பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கெடுவோடு முத்திரைத் தாளில் நில உரிமையாளரின் ஒப்புதல், மீட்டர் அளவுகளுடன் சிற்பத்தின் முன்-பக்க-மேல் தோற்ற வரைபடங்கள், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடமிருந்து அடித்தள வரைபடமும் உறுதிச் சான்றும், இடத்தின் நான்கு பக்கப் படங்கள், ஊர்ப் பேரவையின் கடிதம், கழற்றும் முறையும் அதற்கான பொறுப்பும் பற்றிய உங்கள் உறுதிமொழி. கடைசியில் சொன்ன உறுதிமொழியை யாரும் கேட்பதில்லை. ஆனால் அதை நானாகவே இணைத்த இரண்டாவது மனுதான் நகர்ந்தது.

ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். நாகர்கோவிலில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்துத் தொடரலாம்.

வேறொருவர் பணம் கொடுத்து உங்களைச் செய்யச் சொல்கிறார் என்றால், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். சிற்பத்தைச் சிதைப்பதையும் திரிப்பதையும் தடுக்கும் உரிமை, விற்ற பின்பும் படைப்பாளியிடமே இருக்கிறது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. தில்லி விஞ்ஞான பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் நடத்திய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இடம் மாற்றுவதானால் உங்களுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், வர்ணம் பூசலாமா, பெயர்ப்பலகை வைக்கலாமா என்பனவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. பொது இடத்தில் நிற்கும் சிற்பத்தை யாரும் படம் எடுப்பதைத் தடுக்க முடியாது. அதற்காகச் சண்டையிட வேண்டாம்.

8. பொருள்: கடல் உப்பிடம் ஏமாறாமல் இருக்க

நான் அதிகம் பணம் இழந்தது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் 304 தரத்தைத் தருவார்கள். சில இடங்களில் 202ஐயே 304 என்று விற்பார்கள். கடலோரத்துக்கு 316 வேண்டும், ஏனெனில் அதில் 2 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும் மாலிப்டினம்தான் உப்பின் குளோரைடைத் தாங்குகிறது. காந்தம் ஒட்டவில்லை என்பது சான்று ஆகாது. 304, 316 இரண்டிலுமே சாதாரணமாக அது ஒட்டாது. நான் முதலில் வாங்கிய குழாய்களை ஒரு கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டித்தான் விற்றார். மூன்று மாதத்தில் தோப்பில் கிடந்த அந்தக் குழாய்கள் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்பேறி, பற்றவைப்பு ஓரங்களில் புள்ளி விழத் தொடங்கின. 47,000 ரூபாய் போயிற்று. ஆலைச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், குழாயில் அச்சிட்ட வெப்ப எண் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டுச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். பற்றவைத்த இடங்களின் நீலக்கறையை அமிலப் பசையால் நீக்கி, நன்றாகக் கழுவி, மேற்பரப்பை முடிந்தவரை வழவழப்பாக்குங்கள்; சொரசொரப்பான பரப்பில் உப்பு தங்கும். 316ம் மழையே படாத மறைவுகளில் கறை பிடிக்கும் என்பதால் வடிவத்தில் அத்தகைய மறைவுகளைக் குறையுங்கள்.

சாதாரண இரும்பு போல்ட்டைத் துருப்பிடிக்காத எஃகோடு சேர்த்து முடுக்காதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் இரும்பு விரைவில் கரையும். போல்ட்டும் 316ஆகவே இருக்கட்டும், அவற்றைப் பூட்டும்போது பிடிப்புத் தடுக்கும் பசை தடவுங்கள். இல்லாவிட்டால் நட்டு உள்ளேயே இறுகிக்கொள்ளும். கழற்றும் நாளில் அறுக்கத்தான் வேண்டியிருக்கும்.

கல்லுக்கு, கற்சிற்பிகளின் ஊரான மயிலாடி நமக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரும் வாய்ப்பு. கருங்கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை இருக்கும் என்பதை வடிவம் வரையும்போதே கணக்கிடுங்கள். என் மூன்று கற்களும் சேர்ந்து 1.6 கன மீட்டர், அதாவது 4.3 டன். மென்மையான மணற்கல்லைக் கடலோரத்தில் வெளியே வைக்க வேண்டாம். உப்பு துளைகளுக்குள் புகுந்து படிகமாகும்போது மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஃபைபர் மலிவு, இலேசு. ஆனால் வெயிலில் மேற்பூச்சு சுண்ணாம்பு போல வெளுக்கும். வெண்கலத்தைக் கடல் விட்டுவைத்தாலும் திருடர்கள் விட்டுவைப்பதில்லை.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை இந்தியத் தர நிர்ணயம் 456 தெளிவாக இருக்கிறது: கடலோரச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 வலிமைத் தரம், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல்; கடல் திவலை நேரடியாகப் படும் இடமானால் எம்35, 50 மில்லிமீட்டர். நம் ஊர்க் கொத்தனார்கள் வழக்கமாக விடும் ஓர் அங்குலம் இங்கே போதாது. கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். கலவைக்கும் நனைப்புக்கும் கடற்கரைக் கிணற்று உப்புநீரைப் பயன்படுத்த வேண்டாம், தொட்டி வண்டியில் நல்ல நீர் வரவழையுங்கள்.

கடல் மணலை ஒரு சட்டிகூட அள்ளாதீர்கள். உப்பு ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் இந்தக் கரை மணலில் இருப்பதால் அதை அள்ளுவது சாதாரண மணல் வழக்கோடு நிற்காது. எம்-சாண்ட் வாங்குங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

9. காற்றின் கணக்கு

கட்டமைப்புப் பொறியாளருக்கு நான் கொடுத்த 12,000 ரூபாய் மொத்தச் செலவில் மிகப் பயனுள்ளது. நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்று எடுத்தார். அந்த வேகத்தில், மற்றக் காரணிகளைச் சேர்க்கும் முன்பே, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரும். குழாய்களாலான என் அமைப்பில் காற்று நுழைந்து போய்விடும். அதே இடத்தில் மூன்று மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட தகட்டுச் சிற்பத்தை வைத்தால், அதை ஒரு டன்னுக்கும் மேற்பட்ட விசை தள்ளும். திறப்பு விழாவுக்குச் சிற்பத்தைத் துணியால் போர்த்துகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

10. செலவு

என் சிற்பத்தின் உயரம் 2.7 மீட்டர். கல்லுக்கு 95,000, செதுக்குக் கூலி 1,10,000, 316 குழாய்கள் 86,000, பற்றவைப்பும் மெருகும் 64,000, அடித்தளம் 58,000, லாரியும் ஹைட்ராவும் (நடமாடும் பாரந்தூக்கி) 31,000, பொறியாளர் 12,000, தாள்களும் பயணமும் 23,000. மொத்தம் 4,79,000 ரூபாய். இத்துடன் வீணான குழாய்களுக்கு ஏற்கெனவே சொன்ன 47,000. உங்கள் ஊர்க் கூலியும் எஃகு விலையும் மாறும், ஆகவே விகிதத்தைப் பாருங்கள்: பொருளுக்கு வைக்கும் தொகையில் பாதியையாவது தூக்குதல், அடித்தளம், தாள் ஆகியவற்றுக்கு ஒதுக்காதவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள்.

11. எல்லைக்கு அப்பால் வைப்பதானால்

பொழியூர், பூவாறு பக்கம் இடம் கிடைத்தால், கடல் ஒன்றுதான், ஆனால் தாள்கள் எல்லாம் வேறு. அங்கே கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், கிராம பஞ்சாயத்துச் செயலர், வில்லேஜ் ஆபீசர் என்று புதிதாகத் தொடங்க வேண்டும். கரம் தீர்த்த ரசீதும் (நிலவரி கட்டிய சீட்டு) கைவசச் சான்றும் நில உரிமையாளரிடம் கேளுங்கள். அங்கே "ஆதாரம்" என்றால் கிரயப் பத்திரம். நான் அடையாள அட்டையின் நகலைக் கொடுத்துவிட்டு அரை நாள் நின்றேன். மனுவை மலையாளத்தில் எழுதிக் கொண்டு போவது நல்லது.

சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் களியக்காவிளையைக் கடக்கும்முன் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்சீட்டு) எடுத்துவிடுங்கள். செதுக்காத கல்லை ஏற்றினால் கனிம நடைச்சீட்டும் வேண்டும். செதுக்கி முடித்த சிற்பத்தை ஏற்றினாலும் பட்டறையின் பில், படங்கள், கடிதம் மூன்றையும் ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புங்கள். லாரியில் இருப்பது சிற்பமா கல்லா என்று இரவு இரண்டு மணிக்கு விளக்கிக்கொண்டிருப்பது எளிதான வேலை அன்று.

12. நிறுத்தும் பருவமும் நாளும்

ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்று தொடங்கியிராது. அடித்தளக் கான்கிரீட்டுக்கு 28 நாள் கொடுக்க வேண்டும் என்பதால் அதை டிசம்பர் இறுதியில் முடித்துவிடுங்கள். இதே மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. மணலில் இரவு வேலையும் கண் கூசும் விளக்கும் வேண்டாம், வனத்துறையிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வரும். உள்ளூரில் காற்றே இல்லாமல், தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் பேரலை கரைக்கு வந்து புகுவது அது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தது இப்படிப்பட்ட கடலில்தான். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கையைத் தினமும் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் மணலில் இறங்காதீர்கள், எவ்வளவு வாடகை வீணானாலும்.

ஹைட்ராவை மணலில் இறக்க வேண்டாம், இறங்கும், ஏறாது. தோப்புப் பாதையிலேயே தென்னந்தடிகளையும் இரும்புத் தகடுகளையும் பரப்பித்தான் நாங்கள் கற்களைக் கொண்டுபோனோம். வாடகை காலை எட்டு மணிக்குத் தொடங்கும், ஆகவே ஆறு மணிக்கே தகடு பரப்பி முடித்திருங்கள்.

13. நிறுத்திய பின்

ஆண்டுக்கு மூன்று முறையாவது நல்ல நீரால் கழுவுங்கள். ஆடி முடிந்ததும் கழுவுவது கட்டாயம். எஃகைக் கழுவ இரும்புக் கம்பிச் சுருளைப் பயன்படுத்தினால் அதன் துகள் ஒட்டித் துருவாகும், நார் போதும். காற்றில் ஓடும் மணல் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் வரைதான் அதிகம் உராயும் என்பதால் அந்தப் பகுதியில் வர்ணம் பூசுவது வீண்.

கல்லில் வெள்ளையாக உப்பு பூக்கத் தொடங்கினால், கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்குச் செய்யும் முறையைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். காகிதத்தை நல்ல நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்லின் மேல் விரல் தடிமனுக்கு அப்புங்கள். கூழ் உலரும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை இழுத்துக்கொள்ளும். முழுதும் உலர்ந்தபின் உரித்துவிட்டு, கல்லில் நாக்கை வைத்துப் பாருங்கள். கரித்தால் மறுபடியும் அப்புங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் கரிப்பு நின்றது. அச்சு மையில்லாத வெற்றுத் தாளாக இருக்கட்டும். நான் பழைய செய்தித்தாளில் கூழ் செய்ததால், கிழக்குக் கல்லின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிழல் இன்னும் போகவில்லை.